பூங்கா யாருடையது?

மன்னர்கள் தமக்கென அமைத்த சோலைகளும் வேட்டைக் காடுகளும் உலக வரலாற்றில் பல. இலண்டன் மாநகரின் ஹைட் பூங்கா, எட்டாம் ஹென்றி மன்னன் மான் வேட்டையாடிய நிலமாகும். 1637ஆம் ஆண்டு முதலாம் சார்ள்ஸ் மன்னன் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டான். எனினும் அது மன்னன் மனமுவந்து அளித்த சலுகையேயன்றி, மக்களின் உரிமையன்று. விரும்பியபோது திறந்த வாயிலை விரும்பியபோது அடைக்கவும் அவனால் இயலும். மக்கள் தம் வரிப்பணத்தால் நிலம் வாங்கி, தாமே சொந்தக்காரராய் நின்று, தம் பிள்ளைகள் ஓடியாடுவதற்கென ஒரு பூங்காவை அமைத்துக்கொள்ளும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் வேரூன்றியது.

அவ்வாறு எழுந்தவற்றுள் முன்னோடியாக எண்ணப்படுவது, இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட் பூங்கா. கப்பல் தொழிலால் விரைந்து வளர்ந்த அச்சிறு நகரத்தினர், பொதுப்பணத்தைக் கொண்டு பூங்காவுக்கு நிலம் வாங்குவதற்கு 1843ஆம் ஆண்டு பாராளுமன்றத்தின் அனுமதியைப் பெற்றனர். வாங்கிய நிலம் 226 ஏக்கர், பெரும்பாலும் சதுப்பு. அதில் 125 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கி, சுற்றியிருந்த எஞ்சிய நிலத்தை வீடு கட்டுவோருக்கு விற்றுச் செலவை ஈடுசெய்வதென முடிவாயிற்று. தோட்டக்கலை வல்லுநரான ஜோசப் பக்ஸ்டன் அதனை வடிவமைத்தார். சதுப்பைத் தோண்டி ஏரிகளாக்கினார். தோண்டிய மண்ணைக் குவித்து மேடுகளாக்கினார். 1847 ஏப்ரில் 5ஆம் திகதி பூங்கா திறந்துவைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின் இலண்டனில் பளிங்கு மாளிகையை எழுப்பி உலகப் புகழ் பெற்றவரும் இதே பக்ஸ்டனேயாவர்.

1850ஆம் ஆண்டு அமெரிக்க இளைஞர் ஒருவர் லிவர்பூலில் கப்பலிலிருந்து இறங்கினார். பிரெடரிக் லோ ஒல்ம்ஸ்டெட் என்பது அவர் பெயர். பயிர்த்தொழிலில் ஈடுபட்டிருந்த அவர் இங்கிலாந்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வந்தவர். பேர்க்கன்ஹெட்டில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், புதிய பூங்காவைப் பாராமல் ஊரைவிட்டுப் போகக்கூடாதென்று அவரிடம் வற்புறுத்திச் சொன்னார். சென்று பார்த்த ஒல்ம்ஸ்டெட் வியப்பில் ஆழ்ந்தார். அவரைக் கவர்ந்தது புல்வெளியின் அழகு மட்டுமன்று. செல்வரும் ஏழையரும் ஒரே பாதையில் சமமாய் உலவியதே அவர் நெஞ்சைத் தொட்டது. முடியாட்சி நிலவும் நாட்டில் இத்தகைய மக்கள் பூங்கா இருக்க, குடியாட்சியில் பெருமை கொள்ளும் தம் நாட்டில் இதற்கு நிகரான ஒன்றில்லையே என அவர் எழுதினார். எட்டு ஆண்டுகள் கழித்து அக்குறையைத் தீர்க்கும் பணி அவர் கையிலேயே வந்து சேர்ந்தது.

அக்காலத்து நியூயோர்க் நகரின் நிலை யாதெனக் காண்போம். 1811ஆம் ஆண்டு மன்ஹற்றன் தீவுக்கு வகுக்கப்பட்ட நகரத்திட்டம், சதுரங்கப் பலகைபோலத் தெருக்களை நேர்கோடுகளாக வரைந்தது. வெட்டவெளிகளுக்கு அது ஒதுக்கிய இடம் மிகச் சிறிது. அப்பொழுது ஒரு இலட்சத்துக்கும் குறைவாயிருந்த நகரின் சனத்தொகை, 1850இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நெருங்கிய குடியிருப்புகளில் 1832இலும் 1849இலும் வாந்திபேதி பரவிப் பலரை மாய்த்தது. தூய காற்றை நாடிய மக்கள், ஆற்றைக் கடந்து புறூக்ளினிலிருந்த கிறீன்வுட் இடுகாட்டின் மரநிழலுக்குச் சென்று பொழுது கழித்தனர். உயிரோடிருப்போர் இளைப்பாற இறந்தோரின் இடத்தைத் தேடிச் சென்ற அவலத்தை அறிஞர் சிலர் எடுத்துரைத்தனர். கவிஞரும் பத்திராதிபருமான வில்லியம் கலன் பிறையன்ட், நகரம் முழுவதும் கட்டடமாகிவிடுமுன் ஒரு பெரும் பூங்காவுக்கு நிலம் ஒதுக்கவேண்டுமென 1844ஆம் ஆண்டிலேயே எழுதினார். தோட்டக்கலை அறிஞர் அன்ட்றூ ஜக்சன் டவுனிங் அக்குரலை வலுப்படுத்தினார். 1853ஆம் ஆண்டு மாநில சட்டசபை, தீவின் நடுப்பகுதியில் 59ஆம் தெருவிலிருந்து 106ஆம் தெரு வரையுள்ள காணியைப் பூங்காவுக்கெனச் சுவீகரிக்கச் சட்டமியற்றியது. பின்னர் வடக்கே 110ஆம் தெரு வரை நீட்டப்பட்ட அந்நிலத்தின் மொத்தப் பரப்பு இன்று 843 ஏக்கர்.

இவ்விடத்தில் வரலாற்று நூல்கள் நீண்ட காலம் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டன. பாறையும் சேறும் நிறைந்த பாழ்நிலம், பன்றி வளர்ப்போரும் அத்துமீறிக் குடியேறியோரும் ஆங்காங்கே குடிசையிட்டிருந்த இடம் என்றே அவை கூறின. உண்மை வேறு. அந்நிலத்தில் ஏறத்தாழ 1,600 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் ஒரு சாரார், மேற்குப் பக்கத்தில் 82ஆம் தெருவுக்கும் 89ஆம் தெருவுக்கும் இடையே ஒழுங்கான ஒரு கிராமத்தையே அமைத்திருந்தனர். செனக்கா கிராமம் என்பது அதன் பெயர்.

1825ஆம் ஆண்டு, சப்பாத்து மினுக்கிப் பிழைத்த அன்ட்றூ வில்லியம்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், அங்கே மூன்று துண்டு காணிகளை 125 டொலருக்கு வாங்கினார். அவரைத் தொடர்ந்து வேறு பலரும், கறுப்பினத்தவரின் கிறித்தவ சபையொன்றும் காணி வாங்கினர். நியூயோர்க் மாநிலத்தில் அடிமை முறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1827ஆம் ஆண்டிலே என்பதை எண்ணிப் பார்த்தால், அம்மக்கள் சொந்தக் காணியில் காலூன்றி நின்றதன் பெருமை விளங்கும். அதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1821ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, கறுப்பின ஆடவர் வாக்களிப்பதாயின் 250 டொலர் பெறுமதியான நிலச்சொத்து வைத்திருக்கவேண்டுமென விதித்தது. வெள்ளையருக்கு அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆகவே காணித்துண்டு என்பது அம்மக்களுக்குக் குடியிருக்கும் மனை மட்டுமன்று, வாக்குரிமையின் திறவுகோலுமாகும். 1855ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அக்கிராமத்தில் சுமார் 225 பேர் இருந்தனர். மூவரில் இருவர் கறுப்பினத்தவர். ஏனையோர் பெரும்பாலும் பஞ்சத்துக்குத் தப்பிவந்த அயர்லாந்தினர். மூன்று தேவாலயங்களும் ஒரு பாடசாலையும் இடுகாடுகளும் அங்கிருந்தன.

பூங்காவுக்கென நிலம் சுவீகரிக்கப்பட்டபோது சட்டப்படி நட்டஈடு வழங்கப்பட்டது. தம் வீட்டுக்கும் மூன்று காணிகளுக்குமாக வில்லியம்ஸ் 3,500 டொலர் கோரினார்; அவருக்குக் கிடைத்தது 2,335 டொலர். வாடகைக்குக் குடியிருந்தோருக்கு ஒன்றுமில்லை. 1857ஆம் ஆண்டு இறுதிக்குள் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். வீடுகளும் தேவாலயங்களும் இடிக்கப்பட்டன. அந்தச் சமூகம் வேறெங்கும் அவ்வாறு மீண்டும் ஒருங்கு கூடவில்லை. மக்கள் அனைவருக்கும் பொதுவான பூங்காவை அமைக்க முனைந்தோர், அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கேள்வி கேட்கப்படாமல் போனது, பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளிலும் இப்பூங்காவைத் தொடர்ந்து வந்த குறையாகும்.

நிலம் வெறுமையானதும் 1857 அக்டோபரில் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டது. முதற்பரிசு 2,000 டொலர். தீவைக் குறுக்கே கடக்கும் நான்கு வீதிகள், படை அணிவகுப்புத் திடல், விளையாட்டிடங்கள், ஒரு பெரும் நீரூற்று, பூந்தோட்டம், பனிக்காலத்தில் சறுக்கி விளையாட ஒரு நீர்நிலை ஆகிய யாவும் இருத்தல் வேண்டுமென்பது நிபந்தனை. வந்து சேர்ந்த 33 திட்டங்களுள், 1858 ஏப்ரிலில் தெரிவு செய்யப்பட்டது ஒல்ம்ஸ்டெட்டும், இலண்டனில் பிறந்த கட்டடக் கலைஞர் கல்வேட் வோக்ஸும் இணைந்து வரைந்த திட்டம். குறுக்கு வீதிகளை ஏனையோர் நிலமட்டத்திலேயே வரைந்திருக்க, இவ்விருவரும் அவற்றை நிலமட்டத்துக்குக் கீழே பள்ளமாக வெட்டி, மேலே பாலங்களை அமைத்து மண்ணும் மரமும் கொண்டு மறைத்தனர். வண்டிப் போக்குவரத்து நிற்காமல் நடந்தது. பூங்காவில் உலவுவோர் கண்ணுக்கு அது தென்படவில்லை. குதிரை வண்டிகள் ஓடிய அக்காலத்தில் வகுத்த இவ்வேற்பாடு, மோட்டார் வண்டிகள் நிறைந்த இக்காலத்திலும் பயன் தருகின்றது. பின்வரப்போகும் தேவையை முன்னுணர்ந்து திட்டமிடுவதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

இயற்கைக் காடுபோலத் தோன்றும் அப்பூங்காவில் மனிதர் கைபடாத இடம் மிகச் சிறிதே. வெடிமருந்தால் பாறைகள் தகர்க்கப்பட்டன, பாலங்கள் எழுந்தன, பல்லாயிரம் வண்டி வளமான மண் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டது, இலட்சக்கணக்கில் மரஞ்செடிகள் நடப்பட்டன. ஏரிகள் யாவும் மனிதர் வெட்டியவை. ஆண்டுதோறும் வேலைசெய்த கூலியாட்களைக் கூட்டினால் இருபதினாயிரத்துக்கு மேல் வரும். 1858ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் ஏரி உறைந்தபோது, நகர மக்கள் திரண்டு வந்து பனிச்சறுக்கு விளையாடி மகிழ்ந்தனர்.

ஆயினும் பூங்கா திறந்திருப்பது வேறு, எல்லோருக்கும் திறந்திருப்பது வேறு. தொழிலாளர் குடியிருப்புகள் தீவின் தென்கோடியில் இருந்தன. பூங்காவோ அன்று நகருக்கு வெகுதூரம் வடக்கே இருந்தது. வாரத்தில் ஆறு நாள் உழைத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு. தொடக்க காலத்தில் அங்கு வந்தோருட் பெருந்தொகையினர் சொந்தக் குதிரை வண்டி பூட்டி வந்த செல்வரேயாவர். புல்லில் நடக்கவும், கூட்டமாக விருந்துண்ணவும், பந்தாடவும் பல தடைகள் விதிக்கப்பட்டன. பேர்க்கன்ஹெட்டில் சமத்துவத்தைக் கண்டு வியந்த ஒல்ம்ஸ்டெட்டே, தம் பூங்காவில் மக்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்பதில் மிகக் கண்டிப்பானவராயிருந்தார். அமைதியாகக் காட்சியைக் கண்டு மனம் தெளிவதே பூங்காவின் பயனென அவர் கருதினார். தொழிலாளரோ ஓடவும் ஆடவும் பாடவும் விரும்பினர். ஞாயிற்றுக்கிழமைகளில் இசைநிகழ்ச்சி நடத்த இடமளிக்கப்பட்டதற்கு 1884ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிறுவருக்கென ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் கொண்ட முதலாவது விளையாட்டிடம் 1926ஆம் ஆண்டிலேதான் அமைந்தது. திட்டமிட்டவரின் விருப்பத்துக்கும் பயன்படுத்துவோரின் தேவைக்கும் இடையிலான இழுபறி இவ்வாறு தொடங்கியது.

1934ஆம் ஆண்டு நகரப் பூங்காக்களின் ஆணையாளராக றொபேட் மோசஸ் பதவியேற்றார். ஆற்றல் மிக்கவர், எடுத்த கருமத்தை முடித்தே தீருபவர். பொருளாதார மந்தத்தால் சீரழிந்துகிடந்த பூங்காவை விரைவில் துப்புரவாக்கினார். புல்வெளியில் மேய்ந்துவந்த செம்மறி மந்தையைப் புறூக்ளினுக்கு அனுப்பிவிட்டு, ஆட்டுக் கொட்டிலை உணவுச்சாலையாக மாற்றினார். நீர் வற்றவிடப்பட்ட பழைய நீர்த்தேக்கம் பெரும் புல்வெளியாயிற்று. சிறுவருக்குப் பல விளையாட்டிடங்கள் கிடைத்தன. அவர் செய்த நன்மைகள் பல. எவரையும் கேளாமல் செய்யும் வழக்கமும் அவருக்கு இருந்தது. அவ்வழக்கத்தை 1950களின் நடுப்பகுதியில் மக்கள் இருமுறை எதிர்த்து நின்றனர்.

முதலாவது, றாம்பிள் என அழைக்கப்படும் சோலை பற்றியது. ஏரிக்கு வடக்கே நாற்பது ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பரப்பில், வளைந்து நெளியும் ஒற்றையடிப் பாதைகளும் சிற்றோடையும் அடர்ந்த மரங்களும் கொண்ட பகுதி அது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வசந்தத்தில் வடக்கேயும் இலையுதிர் காலத்தில் தெற்கேயும் பறந்து செல்லும் வலசைப் பறவைகள், கண்ணுக்கெட்டிய தூரம் கட்டடமாய் விரிந்த நகரின் நடுவே இப்பசுந்தீவைக் கண்டு இறங்குகின்றன. இருநூறுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அப்பூங்காவில் காணப்பட்டுள்ளன. 1955ஆம் ஆண்டு மோசஸ், முதியோருக்கான பொழுதுபோக்கு நிலையமொன்றை இச்சோலையில் அமைக்க முனைந்தார். அறநிலையமொன்று இரண்டரை இலட்சம் டொலர் தர முன்வந்தது. முதியோருக்கு நிலையம் வேண்டாமென எவரும் கூறவில்லை. இவ்விடத்திலா என்றுதான் பறவை ஆர்வலர் கேட்டனர். எதிர்ப்பு வலுத்தது, பணந்தர முன்வந்தோர் பின்வாங்கினர், திட்டம் கைவிடப்பட்டது. நல்ல நோக்கத்தோடு வந்த திட்டமும் தகாத இடத்தில் அமைந்தால் தீங்காகுமென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

இரண்டாவது நிகழ்ச்சி 1956ஆம் ஆண்டு வசந்தத்தில் நேர்ந்தது. முன்னைய ஆட்டுக் கொட்டிலாகிய உணவுச்சாலைக்கு வருவோர் மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்காக, அருகே அரை ஏக்கரளவான மரநிழலை அழிக்க மோசஸ் முடிவு செய்தார். நில அளவையாளர் வைத்துவிட்டுச் சென்ற வரைபடம் ஒன்று, பிள்ளையோடு அங்கு வந்த தாயொருத்தியின் கண்ணில் பட்டது. அவள் அயலாருக்குச் சொன்னாள். மண்வாரி இயந்திரம் வந்தபோது தாய்மார் கைக்குழந்தை வண்டிகளோடு குறுக்கே நின்றனர். மறித்து நின்றோர் பார்த்திராத வேளையில், விடியுமுன்னே வேலியடைத்து மரங்கள் வெட்டப்பட்டன. மறுநாட் செய்தித்தாள்களில் வெளிவந்த படங்கள் நகரையே கொதிக்கச் செய்தன. வழக்குத் தொடரப்பட்டது, நீதிமன்றம் வேலைகளை நிறுத்திவைத்தது, ஈற்றில் மோசஸ் பணிந்தார். வண்டிகள் நிற்கவிருந்த இடத்தில் சிறுவர் விளையாட்டிடம் அமைந்தது. அவர் நீண்ட அதிகார காலத்தில் பொதுமக்களிடம் வெளிப்படையாகத் தோற்ற முதலாவது சந்தர்ப்பமென அதனை எழுத்தாளர் பலர் குறிப்பிடுவர்.

1970களில் நகரத்தின் கருவூலம் வறண்டது. 1975ஆம் ஆண்டு நியூயோர்க் நகரம் கடன் தீர்க்கமாட்டாத நிலையை நெருங்கியபோது, பூங்காத் தொழிலாளர் பலர் விலக்கப்பட்டனர். புல்வெளிகள் புழுதிக் காடாயின, சுவர்களெங்கும் கிறுக்கல்கள், இருக்கைகள் உடைந்தன, இருட்டியபின் அவ்வழியே செல்ல மக்கள் அஞ்சினர். 1980ஆம் ஆண்டு, எலிசபெத் பார்லோ றொஜர்ஸ் என்னும் அம்மையாரின் தலைமையில், பூங்காவைப் பேணுவதற்கெனத் தனியார் நன்கொடையில் இயங்கும் சங்கமொன்று தோன்றி மாநகர ஆட்சியோடு கைகோத்தது. அச்சங்கத்தினர் செய்த முதல் நற்காரியம், எதையும் கட்டுவதற்குமுன் பூங்காவைப் படித்தறிந்தமை. மரங்களின் நிலை, மண்ணின் தன்மை, மழைநீர் வடியும் வழி, மக்கள் எவ்வேளையில் எங்கே எதற்காக வருகின்றனர் என்பன ஆராயப்பட்டன. அவ்வாராய்ச்சியின் மேல் 1985ஆம் ஆண்டு ஒரு முழுத் திட்டம் வகுக்கப்பட்டது. பின்னர் பூங்கா முழுவதும் 49 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான தோட்டக்காரர் நியமிக்கப்பட்டார். இன்ன இடத்துக்கு இன்னாரே பொறுப்பென்பது தெரிந்தபோது பராமரிப்பும் சீர்ப்பட்டது.

அவர்களும் தவறாமலில்லை. பழைய காட்சிகளை மீட்கவென 1980களின் தொடக்கத்தில் றாம்பிள் பகுதியில் மரங்கள் சில வெட்டப்பட்டபோது, பறவை ஆர்வலர் மீண்டும் கொதித்தெழுந்தனர். நூற்றாண்டுக்கு முந்திய வரைபடத்தில் திறந்த வெளியாயிருந்த இடம், இன்று பறவைக்குக் கூடாகிவிட்டதே என்பது அவர்களின் வாதம். மரங்களைத் தொடுமுன் அவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டுமென்பது அதன்பின் தெளிவாயிற்று. இதற்கு மறுபுறமான பாடமும் அப்பூங்காவிலேயே உண்டு. அதன் தென்கிழக்கு மூலையில் நாலு ஏக்கர் காடொன்றை, 1934ஆம் ஆண்டு மோசஸ் பறவைகளுக்கெனப் பூட்டிவைத்தார். ஹலெட் சரணாலயமென இன்று பெயர் பெற்ற அவ்விடத்தில் பல்லாண்டுகளாக எவரும் கைவைக்கவில்லை. விளைவு, வெளிநாட்டுக் கொடிகள் படர்ந்து உள்நாட்டு மரங்களை நெரித்தன. 2001ஆம் ஆண்டு முதல் அக்கொடிகளைக் களைந்து உள்நாட்டுச் செடிகளை நட்டு, 2016ஆம் ஆண்டு அளவான தொகையினர் உட்சென்று பார்ப்பதற்கு வழிசெய்தனர். நகரின் நடுவேயுள்ள காட்டுக்குக் காவல் மட்டும் போதாது. வேண்டாதவற்றை நீக்கி வேண்டியவற்றை வளர்க்கும் கவனமும் வேண்டும்.

பூங்காவைப் பயன்படுத்துவோருள் நாய் வளர்ப்போரும் ஒரு சாரார். அமெரிக்க நகரங்களில் இது சிறிய விடயமன்று. மாடிக் குடியிருப்பில் முற்றமின்றி வாழும் குடும்பத்தின் நாய்க்குப் பூங்காவே முற்றம். குழந்தைகளுடன் வருவோருக்கோ அவிழ்த்துவிட்ட நாயென்றால் அச்சம். நிலத்தில் இரைதேடும் பறவைகளுக்கு அது பெருந்தொல்லை. நாயின் கழிவை அதன் சொந்தக்காரரே அகற்றவேண்டுமென்னும் சட்டம் 1978ஆம் ஆண்டு நியூயோர்க்கில் நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியாவிலுள்ள பேர்க்கிலி நகரத்தினர், 1979ஆம் ஆண்டு, நாய்கள் கட்டின்றி ஓடித்திரிய வேலியடைத்த தனியிடமொன்றைத் தொடங்கினர். அதுபோன்றதொரு இடம் நியூயோர்க் நகரில் 1990ஆம் ஆண்டு டொம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் அமைந்தது.

மத்திய பூங்காவிலோ நாய்களுக்கென வேலியடைத்த இடம் இல்லை. அங்கே வேலிக்குப் பதிலாகக் கடிகாரம் பயன்பட்டது. காலை ஒன்பது மணிக்கு முன்னரும் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரும், குறித்த சில பகுதிகளில் நாய்களை அவிழ்த்துவிடலாம். பகற்பொழுதில் வாரில் பிடித்தே நடத்தவேண்டும். இது முதலில் எழுதாத வழக்கமாகவே இருந்தது. நகரின் வேறொரு பகுதியினர் அது சட்டத்துக்கு முரணென வழக்குத் தொடுத்தபின், 2006, 2007ஆம் ஆண்டுகளில் முறையான விதியாக எழுதப்பட்டது. விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றியதற்கும் அனுமதிப்பத்திரம் பெற்றதற்கும் சான்று வைத்திருத்தல் வேண்டும். பறவைகளின் புகலிடமாகிய றாம்பிள் போன்ற பகுதிகளில் எந்நேரமும் நாயை அவிழ்த்துவிடக்கூடாது. இவ்வாறு ஒரே நிலம் விடியற்காலையில் நாய்களுக்கும், பகலில் குழந்தைகளுக்கும், சோலைப் பகுதி எப்பொழுதும் பறவைகளுக்கும் எனப் பங்கிடப்பட்டது. ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றவரைத் துரத்தாமல் தீர்வு கண்ட அருமையான ஏற்பாடு இது.

ஆயினும் எழுதிய விதி நிலைப்பது அதனை மதிப்போரின் மனத்திலேயே. 2020 மே 25ஆம் திகதி காலை, றாம்பிள் சோலையில் பறவைகளை நோக்கிக்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஒருவர், நாயை அவிழ்த்துவிட்டிருந்த வெள்ளைப் பெண்ணொருவரிடம் அதனை வாரில் பிடிக்குமாறு கேட்டார். விதி அவர் பக்கம் இருந்தது. அப்பெண்ணோ பொலிசாரைத் தொலைபேசியில் அழைத்து, கறுப்பினத்தவர் ஒருவர் தம்மை அச்சுறுத்துவதாக முறையிட்டார். அவர் எடுத்த ஒளிப்படக் காட்சி உண்மையை உலகறியச் செய்தது. அதே நாளில் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொய்ட் என்னும் கறுப்பினத்தவர் பொலிசாரின் பிடியில் உயிரிழந்தார். ஒரு நாயின் வார் பற்றிய சிறு சச்சரவு, இப்பொதுவெளியில் நிற்க யாருக்கு உரிமையுண்டு என்னும் பெருங்கேள்வியாக ஒரே காலையில் மாறியது. 1857இல் செனக்கா கிராமத்தாரிடம் கேட்கப்படாமல் விடப்பட்ட கேள்வி, அவ்விடத்துக்கு வெகுதூரமில்லாத ஒரு மரநிழலில் மீண்டும் எழுந்தது.

அந்தக் கிராமமும் முற்றாக மறைந்துபோகவில்லை. 1992ஆம் ஆண்டு றோய் றோசன்ஸ்வைக், எலிசபெத் பிளக்மார் ஆகிய வரலாற்றாசிரியர் இருவர் எழுதிய பூங்காவின் வரலாறு, செனக்கா கிராமத்தாரின் கதையைப் பழைய ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்தது. 2001ஆம் ஆண்டு அவ்விடத்தில் நினைவுப் பலகை நாட்டப்பட்டது. 2011ஆம் ஆண்டு தொல்பொருள் ஆய்வாளர் மண்ணை அகழ்ந்தபோது, தேவாலயப் பணியாளர் ஒருவருடைய வீட்டின் கல் அத்திவாரமும், இரும்புத் தேநீர்க் கேத்தலும், தோற் சப்பாத்து ஒன்றும் வெளிப்பட்டன. அத்துமீறிக் குடியேறியோரின் குடிசை என்று பழிக்கப்பட்ட இடத்தில், தேநீர் அருந்தி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, ஞாயிறுதோறும் வழிபட்ட குடும்பங்கள் வாழ்ந்தன என்பதற்கு அப்பொருள்களே சாட்சி.

இன்று ஆண்டுதோறும் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் அப்பூங்காவுக்கு வருவதாகக் கணிக்கப்படுகின்றது. 2018ஆம் ஆண்டு முதல் அதன் உள்வீதிகளில் மோட்டார் வண்டிகள் ஓடுவதில்லை. பள்ளமாக வெட்டிய குறுக்கு வீதிகளில் மட்டுமே அவை செல்கின்றன. பராமரிப்புச் செலவின் பெரும்பகுதியை நன்கொடைகள் தாங்குகின்றன. செல்வர் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்குப் பெருநன்கொடைகள் குவிய, வறியோர் வாழும் பகுதிகளிலுள்ள சிறு பூங்காக்கள் வாடுகின்றன என்னும் முறைப்பாடும் நியாயமானதே. 2012ஆம் ஆண்டு ஒரே செல்வர் பத்துக் கோடி டொலரை இப்பூங்காவுக்கு அளிக்க முன்வந்தபோது அம்முறைப்பாடு உரக்க எழுந்தது. பூங்கா யாருடையது என்னும் கேள்வி இன்றும் முடிவுற்றதன்று.

பொதுவெளியைத் திருத்தியமைக்க முனையும் எந்த ஊருக்கும் இவ்வரலாறு ஒரு பாடமாகும். பணமும் வரைபடமும் கைக்கு வந்தபின் வேலை எளிது. அதற்குமுன் நிலத்தில் ஏற்கெனவே யார் இருக்கின்றனர் என்று பார்ப்பதே அரிது: அங்கே குடியிருப்போர், மாலையில் நடக்க வருவோர், பந்தடிக்கும் சிறுவர், நாயோடு வருபவர், மரக்கிளையில் இறங்கும் பறவை என ஒவ்வொருவரையும் கண்டறிதல் வேண்டும். அவர்களைக் கேட்டறிந்து வகுத்த ஏற்பாடுகள் நிலைத்தன. கேளாமல் வகுத்தவை சண்டையில் முடிந்தன. செனக்கா கிராமத்தார் அன்று கேட்கப்பட்டிருந்தால் பூங்கா எவ்வடிவம் பெற்றிருக்குமென இன்று எவராலும் கூறவியலாது. அவர்கள் வாழ்ந்த இடத்தில் இப்பொழுது புல் வளர்ந்திருக்கிறது. அப்புல்லில் எல்லா நிறத்துக் குழந்தைகளும் ஓடி விளையாடுகின்றனர். அருகே நிற்கும் பலகை, அங்கு வாழ்ந்தோரின் பெயரை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.